சிறைக் கணக்கு – 6: பாட்டி போட்ட வழக்கு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்று ஒரு பாட்டி இருந்தார். ஓய்வுபெற்ற செவிலியர். முதுமையில் பார்வை போய்விட்டது. பேரன் சிறையில். வாஷிங்டன் நகரம் தன் சொந்தச் சிறையான லார்டனை மூடத் தொடங்கியதும், கைதிகளைத் தொலைதூர மாநிலங்களின் தனியார் சிறைகளுக்கு அனுப்பினார்கள். அரிசோனா வரை போய்ப் பார்த்துவிட்டு வரப் பாட்டிக்கு உடம்பும் இடம் கொடுக்காது, பையும் இடம் கொடுக்காது. கடிதம் வந்தாலும் படிக்கக் கண் இல்லை.

மிஞ்சியது தொலைபேசிதான். அதன் கட்டணமோ வெளியே எடுத்துப் பேசுகிறவர் தலையில். சில சிறைகளிலிருந்து வெளிமாநிலத்துக்கு 15 நிமிடம் பேச 17 டாலர் வரை ஆன காலம் அது. மருந்து வாங்குவதா, பேரனோடு பேசுவதா என்ற நிலை வந்தபோது, 2000இல் மார்த்தா ரைட் இன்னும் சிலரோடு சேர்ந்து சிறை நிறுவனத்தின் மீதும் தொலைபேசி நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டார்.

இந்த விலை எப்படி வந்தது என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். வேறு எந்தத் தொழிலிலும் போட்டி வந்தால் விலை இறங்கும், இங்கே ஏறியது. 1984இல் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் ஏகபோகம் உடைந்த பிறகு, சிறைத் தொலைபேசிக்குப் பல நிறுவனங்கள் முண்டியடித்தன. ஒப்பந்தத்தைக் கொடுப்பது சிறை நிர்வாகம், பணம் கட்டுவது கைதியின் குடும்பம். வருமானத்தில் யார் அதிகக் கமிஷன் தருகிறாரோ அவருக்கே ஒப்பந்தம் போனது. நம் ஊர் பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்டு ஏலம் மாதிரிதான். ஏலத்தொகை ஏற ஏற, வண்டி நிறுத்துகிறவர் தருகிற காசும் ஏறும். கனெக்டிகட் மாநிலத்தில் 15 நிமிடத்துக்குச் சுமார் 5 டாலர் வாங்கினார்கள். அதில் 68 விழுக்காடு மாநில அரசுக்கே போனது. கொள்ளை லாபம் என்று நிறுவனத்தை மட்டும் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும், பல மாநிலங்களில் சிறைக்குள் ஒரு மணி நேர வேலைக்குக் கூலி ஒரு டாலரைக்கூடத் தொடாது.

வாங்குகிற காசுக்கு என்னதான் கிடைக்கிறது? கைதி தன் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். அனுமதி பெற்ற பட்டியலில் உள்ள எண்ணுக்கு மட்டுமே அழைப்பு போகும். எடுப்பவருக்கு முதலில் கேட்பது பதிவுக் குரல்: இது சிறையிலிருந்து வரும் அழைப்பு, பதிவு செய்யப்படும், சம்மதமென்றால் இன்ன எண்ணை அழுத்துங்கள். பேச்சை மூன்றாம் ஆளுக்கு இணைத்தால் கருவி கண்டுபிடித்துத் துண்டித்துவிடும். இப்போது குரல் ரேகையும் வந்துவிட்டது. நியூயார்க், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கைதிகளின் குரலை அடையாளமாகச் சேமித்து வைத்திருப்பது 2019இல் வெளியானது.

சேமித்து வைத்தது பத்திரமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. செக்யூரஸ் என்ற பெரிய சிறைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து கசிந்த சுமார் 7 கோடி அழைப்புகளின் விவரம் 2015இல் தி இன்டர்செப்ட் இதழின் கைக்குக் கிடைத்தது. கைதிகள் வழக்கறிஞர்களிடம் பேசிய அழைப்புகளே அதில் குறைந்தது 14,000 இருந்தன. வழக்கறிஞரோடு பேசுவதைப் பதிவு செய்யவே கூடாது என்பதுதான் சட்டத்தின் அடிப்படை.

பாட்டியின் வழக்குக்கு வருவோம். 2001இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இது தகவல் தொடர்பு ஆணையம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று அங்கே அனுப்பிவிட்டார். 2003இல் ஆணையத்திடம் மனு போனது. மனு தூங்கியது. பத்தாண்டு கழித்து, ஆணையத்தின் இடைக்காலத் தலைவராக இருந்த மிக்னான் கிளைபர்ன்தான் அதை எழுப்பினார். வெளிமாநில அழைப்புக்கு நிமிடத்துக்கு 21 முதல் 25 சென்ட் வரைதான் வாங்கலாம் என்று 2013இல் வரம்பு விழுந்தது. 2015 தொடக்கத்தில் மார்த்தா ரைட் இறந்தார். அதே ஆண்டு மாநிலத்துக்குள் பேசும் அழைப்புக்கும் ஆணையம் வரம்பு வைத்தது. அந்த அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது என்று 2017இல் நீதிமன்றம் அடித்துவிட்டது.

அந்த அதிகாரத்தைக் கொடுப்பதற்காகவே ஒரு சட்டம் வந்தது. 2023 ஜனவரியில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட அதற்கு மார்த்தா ரைட்-ரீட் என்று பாட்டியின் பெயரையே வைத்தார்கள். அதன் பலத்தில் 2024 ஜூலையில் ஆணையம் சிறைக் கட்டணத்தை நிமிடத்துக்கு 6 சென்ட் என்று இறக்கியது. கமிஷனுக்கும் தடை போட்டது. ஆட்சி மாறியது. 2025 ஜூனில் அதே ஆணையம் அமலாக்கத்தைத் தள்ளிவைத்தது; சில மாதங்களில் வரம்பையும் உயர்த்திவிட்டது.

இதற்குள் சில மாநிலங்கள் ஆணையத்துக்காகக் காத்திருக்கவில்லை. 68 விழுக்காடு வாங்கிய அதே கனெக்டிகட்தான் 2021இல் முதல் மாநிலமாக இலவச அழைப்புக்குச் சட்டம் போட்டது. கலிஃபோர்னியா, மினசோட்டா, மாசசூசெட்ஸ், கொலராடோ பின்தொடர்ந்தன.

விலையைப் பற்றிய சண்டை இப்படி நடக்க, நிறுவனங்கள் அடுத்த பொருளைக் கடைவிரித்துவிட்டன: வீடியோ சந்திப்பு. டென்னசியின் நாக்ஸ் கவுண்டி சிறையில் 2014இல் அது வந்ததும், உறவினர்கள் நேரில் போய்ப் பார்ப்பதையே சிறை நிர்வாகம் நிறுத்திவிட்டது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)