கிளினிக் கொப்பிக்கு வெளியே இருக்கும் நாட்கள்

கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து களுபோவிலைக்கும் அங்கொடைக்கும் மனநலக் கிளினிக் போய்வருபவருக்கு வைத்தியரோடு சில நிமிடங்கள் கிடைக்கின்றன. கொப்பியில் அடுத்த திகதி எழுதப்படுகிறது, மருந்துப் பை கைக்கு வருகிறது. இரண்டு திகதிகளுக்கு இடைப்பட்ட நாட்களை யாரோடு கழிப்பது என்பதற்கு அந்தக் கொப்பியில் இடமில்லை. பலர் தொடர்மாடி வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுகிறார்கள். மனநோயைக் கடந்து வந்தவர்களே முன்னின்று நடத்தும் ஓவிய, நாடக, எழுத்து, இசைக் குழுக்களைப் பொழுதுபோக்கென்று தள்ளிவைக்காமல், பராமரிப்பின் ஒரு பகுதியாகவே நாம் கேட்டுப் பெற வேண்டும். சட்டப்படி பார்த்தால், 1873இல் பிறந்து 1956இல் திருத்தப்பட்ட நம் மனநோய்கள் கட்டளைச் சட்டம் ஒருவரை வைத்தியசாலையில் சேர்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம், சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதையும் (உறுப்புரை 19), தன் கலைத் திறனை வளர்த்துக்கொள்வதையும் (உறுப்புரை 30) உரிமைகளாகவே சொல்கிறது.

இத்தகைய குழுக்களால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா? 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வு, உளநெருக்கடிச் சேவையிலிருந்து விடுபட்ட 441 பேரைப் பின்தொடர்ந்தது. தாமும் அந்த வழியாக வந்த ஒருவரின் துணை கிடைத்தவர்களில் 29 வீதத்தினரே ஓராண்டுக்குள் மீண்டும் உளநெருக்கடிச் சிகிச்சைக்குத் திரும்பினார்கள். மற்றவர்களில் அது 38 வீதம். எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை, இந்த ஆய்வும் கலையைப் பற்றியதல்ல. கலையின் பக்கத்தில், 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை உளநலத்துக்குக் கலையால் வரும் பயன்களை எடுத்துக்காட்டியது. நட்பின் பலத்துக்குச் சென்னையே உதாரணம். பானியன் அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், நீண்டகாலம் நிறுவனத்துக்குள் இருந்தவர்கள் தமக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீடெடுத்து வாழ்கிறார்கள். என்ன சமைப்பது, யார் சந்தைக்குப் போவது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். நம் நாட்டில், 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரில் காயப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் களிமண்ணோடும் கதையோடும் நாடகத்தோடும் ஒன்றாக உட்கார வைத்தது. பெரியவர்களுக்கும் அப்படியோர் இடம் கொழும்பில் தமிழில் வேண்டும்.

நோயாளியை நோயாளி நடத்துவதா என்று கேட்பவர்கள் உண்டு. நடத்துபவர் நிலைபெற்றவராக, பயிற்சி பெற்றவராக, சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும். இக்கட்டில் அழைக்க ஓர் உளநலப் பணியாளர் வேண்டும். தாமும் பட்டவர்தானே என்று இலவசமாக உழைக்க வைப்பது சுரண்டல்தான். இதைவிடக் கனமான தயக்கம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது: வெளியே தெரிந்தால் தங்கச்சியின் கல்யாணப் பேச்சு குழம்பும், வீட்டுக்காரர் வீட்டைக் காலிபண்ணச் சொல்வார் என்ற பயம். அது வெறும் பிரமையல்ல. இங்கே ஒரே மாடிப்படியில் ஊர் முழுவதும் ஏறி இறங்குகிறது. ஆகவே குழுவின் வாசலில் நோயின் பெயர் எழுதப்படத் தேவையில்லை. அக்கம்பக்கத்தவரும் வந்து உட்காரக்கூடிய ஓவிய வகுப்பாக, வாசகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ அது நடக்கலாம். படம் எடுப்பதில்லை, கேட்டதை வெளியே சொல்வதில்லை என்ற விதி முதல் நாளே பேசப்பட வேண்டும். மறைத்து வைப்பதற்கும் ஒரு விலை உண்டு: பேச ஆளில்லாத அந்த மனிதர்தான் அதைக் கொடுக்கிறார்.

சேரும்முன் சிலவற்றைக் கவனியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் குழுவை விட்டு உடனே விலகுங்கள். கலை மருந்துக்கு மாற்றல்ல. கடன் கேட்பதும், ஒருவரே தலைவராகி எல்லோரையும் ஆட்டிவைப்பதும் அபாய அறிகுறிகள். நீங்கள் வரைந்த படம் உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, அதில் உங்கள் பெயரைப் போடச் சொல்லவும், புனைபெயர் வைக்கவும், பெயரே வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமையுண்டு. கண்காட்சிக்கோ நாட்காட்டிக்கோ யாராவது கேட்டால், எதற்கு, எவ்வளவு காலம், விற்றால் பணம் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோயைக் காரணமாக்கி அரச அலுவலகமோ அரச வைத்தியசாலையோ பாகுபாடு காட்டினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் கணக்கிடப்படாது. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. மனம் தாங்காத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐத் தமிழிலேயே அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் இலவச அம்புலன்ஸ் 1990.