எட்டணா போகட்டும்... நட்டம் யாருக்கு?

ரேஷன் கடையில் அந்தியோதயா அட்டைக்கு ஒரு கிலோ சர்க்கரை 13 ரூபாய் 50 காசு. 2017 நவம்பரில் மற்ற அட்டைகளுக்கு விலை 25 ரூபாயாக உயர்ந்தபோது, ஏழைகளிலும் ஏழைகளுக்கு உரிய இந்த அட்டைக்கு மட்டும் பழைய விலையே நீடிக்கும் என்று அரசு அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த 50 காசு எங்கே இருக்கிறது? வாங்குபவர் கையிலும் இல்லை, விற்பவர் கல்லாவிலும் இல்லை. 14 ரூபாய் கொடுத்துவிட்டு, மீதியைக் கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிடுகிறோம்.

சிறு நாணயங்களை ஒழித்துவிடலாமா என்று நம் காலனிகளில் கேட்டால் ஒரே பதில் வருவதில்லை. ஒழியட்டும் என்கிறார்கள் இளைஞர்கள். செல்போனில் பணம் அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள். இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். கையில் கை பட்டுவிடக் கூடாதென்று காசை மேலிருந்து போடும் கடைக்காரர்களை அவர்களுடைய தாத்தா, பாட்டிகள் பார்த்திருக்கிறார்கள். துண்டை விரித்துக் கூலி வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. போனில் அனுப்பினால் அந்த அவமானம் இல்லை என்பது அவர்கள் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது.

கீரை, கொய்யா, வேர்க்கடலை விற்கும் பெண்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். அவர்களின் வியாபாரமே ஐந்துக்கும் பத்துக்கும்தான். காசு போனால் விலை மேலே போகுமே தவிரக் கீழே வராது என்பது அவர்கள் அனுபவம். எட்டணாவுக்குக் கிடைத்தது ஒரு ரூபாயானது. ஒரு ரூபாய்ப் பொருள் இரண்டு ரூபாயானது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் கடைக்காரர், அதே மிட்டாயை நாம் திருப்பிக் கொடுத்தால் காசாக எடுத்துக்கொள்வதில்லை.

நாணயத்தை ஒழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று அரசு முன்கூட்டியே அறிவித்தது. வங்கியில் கொடுத்து முழு மதிப்புக்கு மாற்றிக்கொள்ள ஜூன் 29 வரை அவகாசமும் தந்தது. 50 காசுக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 10 ரூபாய் வரைக்கும் 50 காசுகளாகவே கொடுக்கலாம். சட்டத்தில் உயிரோடு இருக்கும் காசைக் கடைத்தெரு சாகடித்துவிட்டது. சட்டம் ஒழித்திருந்தால் மாற்றிக்கொள்ள வழி இருந்திருக்கும். கடைத்தெரு ஒழித்ததால் கையில் வைத்திருந்தவர்களுக்கே நட்டம்.

இதே கதிதான் 10 ரூபாய் நாணயத்துக்கும் நேர்ந்தது. ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி என்று வதந்தி பரவியது. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் சொன்ன பிறகும் தயக்கம் தீரவில்லை. மொத்த வியாபாரி வாங்க மாட்டார், வங்கியில் எண்ணச் சலித்துக்கொள்கிறார்கள் என்பது சிறு கடைக்காரரின் குறை. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் தள்ளிவிட, கடைசியில் அந்தக் காசு தங்கிவிடுவது கூடையோடு தெருத் தெருவாக அலையும் பெண்ணின் சுருக்குப் பையில்தான்.

இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் 125ஆவது பிறந்த ஆண்டையொட்டி, 2015 டிசம்பர் 6 அன்று அவர் உருவம் பொறித்த 10 ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டது. வாங்க மறுக்கப்படும் நாணயங்களில் அதுவும் ஒன்று. ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் முழு நூலே எழுதியவர் அவர். ரூபாயின் மதிப்பு சரிந்து விலை ஏறும்போது அதே வேகத்தில் கூலி ஏறுவதில்லை. அந்த இழப்பைச் சுமப்பவர் உழைப்பாளிதான் என்று அன்றே எடுத்துக்காட்டினார்.

ஒரு கிலோவுக்கு 50 காசு என்றால் ஆண்டுக்கு ஆறு ரூபாய்தானே என்று கேட்கலாம். ஆறு ரூபாய்தான். ஆனால் கணக்கை முழுமையாக்கும்போதெல்லாம் அது ஏன் நமக்கு எதிராகவே முழுமையாகிறது என்பதே நம் கேள்வி.

எட்டணா வேண்டாம் என்றால் முறையாக அறிவித்து, அவகாசம் கொடுத்து, முழு மதிப்புக்கு மாற்றித் தந்து ஒழிக்கட்டும். அதற்கு முன் அந்தியோதயா சர்க்கரையின் விலையை 13 ரூபாய் என்று குறைக்கட்டும். நாணயம் மாற்றும் முகாம்களை வங்கிகள் நகரத்தோடு நிறுத்தாமல் நம் காலனிகளிலும் வாரச் சந்தைகளிலும் நடத்தட்டும். செல்லும் காசை வாங்க மறுக்கக் கூடாது என்ற அறிவிப்பை மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு ரேஷன் கடையிலும், பேருந்து நிலையத்திலும் ஒட்டட்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை 13 ரூபாய் 50 காசு என்று பில் வந்தால், மீதியைக் கூச்சப்படாமல் கேட்போம். அது பிச்சையல்ல, நம்முடைய காசு.