பம்பு அறைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஏற்ற மின்வழங்கி

கிராம மக்களுக்குக் குடிநீர் வழங்குவது பஞ்சாயத்தின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும். ஆழ்துளைக் கிணற்றில் நீர் இருக்கும், மோட்டாரும் பழுதின்றி இருக்கும், மின்சாரமும் வந்துகொண்டிருக்கும். எனினும் சில நாட்களில் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறுவதில்லை. காரணத்தை ஆராயுமிடத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியினுள் உள்ளங்கை அளவே உள்ள ஒரு சிறு கருவி செயலிழந்திருப்பது தெரியவருவதுண்டு. அக்கருவியே மின்வழங்கி. கடைகளிலும் மின்பணியாளரிடையேயும் அது எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கப்படுகிறது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தைத் தொடர்ந்து, கிராமப்புற வீடுகளுக்குக் குழாய் இணைப்பு அளிக்கும் பணி நாடெங்கும் விரிவடைந்தது. பொதுக் குழாயை நம்பியிருந்த காலத்தைவிட, வீட்டுக் குழாயை நம்பியிருக்கும் காலத்தில் பம்பு நின்றால் ஏற்படும் இடர் பெரிது. ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கும் பொறுப்புடைய பஞ்சாயத்து அங்கத்தினர்களும், தம் நிலத்தில் தானியங்கிப் பாசனம் அமைக்க விரும்பும் விவசாயிகளும் இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்திருத்தல் நலம்.

மின்வழங்கியின் பணி

மோட்டார் இயங்குவதற்கு வேண்டிய மின்சாரம் மூன்று பேஸ்களில் வருகிறது. ஆனால் மோட்டாரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் கருவிகளுக்கு அத்துணை உயர்ந்த மின்னழுத்தம் ஆகாது. பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி, தொட்டியின் நீர்மட்டத்தை உணரும் கருவி, செல்பேசி வழியே செய்தி அனுப்பும் மோடம், ரிலேக்கள், மின்வால்வுகள் ஆகியவை பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குகின்றன. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 24 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, ஏற்ற இறக்கமின்றி வழங்குவதே மின்வழங்கியின் பணி. அது நின்றால் பெட்டியிலுள்ள யாவும் நிற்கும்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? முன்னாளில் கனத்த மின்மாற்றி ஒன்று மின்னழுத்தத்தைக் குறைத்தது. எஸ்.எம்.பி.எஸ். வகையில், உள்வரும் மின்சாரம் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக ஆக்கப்படுகிறது. பின்னர் ஒரு மின்னணுச் சுவிட்சு அதனை வினாடிக்குப் பல பதினாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. இவ்வளவு விரைவாக வெட்டப்படும் மின்சாரத்திற்குச் சிறிய மின்மாற்றியே போதும். எனவே கருவி சிறியதாகவும், எடை குறைந்ததாகவும், மின்சாரத்தை வீணாக்காததாகவும் அமைகிறது.

பெட்டியின் பின்பலகையில் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள உலோகப் பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இதற்கு டின் ரெயில் என்று பெயர். ‘டின்’ என்பது ஜெர்மானியத் தரநிர்ணய நிறுவனத்தின் சுருக்கப் பெயர், தகரத்தைக் குறிப்பதன்று. இப்பட்டையில் கருவிகளைக் கொக்கிபோல் மாட்டவும், திருகாணி கழற்றாமலே எடுக்கவும் இயலும். பழுதுபட்ட மின்வழங்கியைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம் என்பது இம்முறையின் பெரும் நன்மை.

உள்வரும் மின்னழுத்தம்

முதலில் கவனிக்க வேண்டுவது, கருவி எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை உள்வரும் மின்னழுத்தத்தை ஏற்கும் என்பதாகும். தொலைவிலுள்ள கிராமத் தொடர்களில் மாலை நேரத்தில் 230 வோல்ட் குறைந்து 170, 160 என இறங்குவதுண்டு. 85 முதல் 264 வோல்ட் வரை ஏற்கும் கருவி அப்போதும் 24 வோல்ட்டைக் குறைவின்றி வழங்கும். மலிவான சில கருவிகளில் 115, 230 என்று இரு நிலைகளையுடைய சிறு தள்ளுசுவிட்சு இருக்கும். அது தவறுதலாக 115இல் இருந்து 230 வோல்ட் இணைக்கப்பட்டால் கருவி அக்கணமே பாழாகும். இத்தகையவற்றைத் தவிர்ப்பது நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. தாழ்ந்த மின்னழுத்தத்தை மின்வழங்கி தாங்கும், மோட்டார் தாங்காது. ஆகையால் தாழ் மின்னழுத்தத்திலும், ஒரு பேஸ் அற்றபோதும் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவி எப்போதும் வேண்டும். மின்வழங்கி உயிருடன் இருப்பதன் பயன், அக்காப்புக் கருவியும் மோடமும் தம் கடமையைச் செய்ய முடிகிறது என்பதே.

மின்வழங்கி எந்த பேஸிலிருந்து மின்சாரம் பெறுகிறதோ அந்த பேஸ் அற்றுப்போனால் பெட்டி முழுவதும் இருண்டுவிடும். நியூட்ரல் கம்பி அறுந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது 230 வோல்ட்டுக்கு உரிய கருவிக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் வந்து சேரக்கூடும். 264 வோல்ட் வரையே தாங்கும் கருவி எரிந்துபோகும். இவ்விடர் அடிக்கடி நேரும் ஊர்களில், மிகை மின்னழுத்தத்தைக் கண்டு துண்டிக்கும் ரிலேயை முன்னே அமைக்கலாம். அல்லது, பேஸ்களுக்கிடையே 400 வோல்ட் அளவில் இணைப்பதற்கென்றே செய்யப்பட்ட மின்வழங்கியை வாங்கலாம். இதற்கு நியூட்ரல் தேவையில்லை. மூன்று பேஸ் வகைகளுள் பல, ஒரு பேஸ் அற்றாலும் எஞ்சிய இரண்டைக்கொண்டு, குறைந்த சுமையிலேனும், இயங்குகின்றன. சாதாரண 230 வோல்ட் கருவியை ஒருபோதும் இரு பேஸ்களுக்கிடையே இணைத்தலாகாது.

எத்தனை ஆம்பியர்?

24 வோல்ட் மின்வழங்கிகள் 2.5, 5, 10, 20 ஆம்பியர் எனப் பல அளவுகளில் கிடைக்கின்றன. இவை முறையே 60, 120, 240, 480 வாட் ஆகும். எது வேண்டும் என்பதைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பம்பு அறையை எடுத்துக்கொள்வோம். பி.எல்.சி. 0.5 ஆம்பியர், காட்சித்திரை 0.4, மோடம் 0.3, உணர்கருவிகள் 0.2, ரிலேக்கள் 0.25, 10 வாட் மின்வால்வுகள் இரண்டும் சேர்ந்து 0.85 ஆம்பியர் என வைத்துக்கொண்டால், மொத்தம் 2.5 ஆம்பியர் ஆகிறது. அப்படியாயின் 2.5 ஆம்பியர் கருவி போதுமே என்று தோன்றலாம். அது பிழை. எப்போதும் முழுச் சுமையில் இயங்கும் கருவி சூடேறி விரைவில் தளர்ந்துவிடும். மேலும் நாளை ஒரு குளோரின் கலக்கும் கருவியோ, இன்னொரு வால்வோ சேர்க்கவேண்டி வரலாம். ஆகவே 30 சதவிகிதம் கூட்டி 3.25 ஆம்பியர் எனக்கொண்டு, அதற்கு அடுத்த அளவாகிய 5 ஆம்பியர் கருவியை வாங்குவதே முறை. அதற்காக 20 ஆம்பியர் வாங்குவதும் வீண் செலவே.

வெப்பமே முதற்பகை

வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியின் உள்வெப்பம் வெளியிலுள்ளதைவிட மிகுதியாகும் என்பதை யாவரும் அறிவர். பெயர்த்தகட்டில் 5 ஆம்பியர் என்று எழுதியிருப்பினும், அது குறித்த வெப்பநிலை வரைதான் செல்லும். ஒரு கருவி 50 டிகிரி வரை முழுச் சுமை தாங்குவதாகவும், அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 2.5 சதவிகிதம் குறைவதாகவும் கொள்வோம். பெட்டியினுள் 60 டிகிரி ஆகும்போது 5 ஆம்பியர் கருவி 3.75 ஆம்பியர் தரும், நம் 2.5 ஆம்பியர் சுமைக்கு அது போதும். 2.5 ஆம்பியர் கருவியோ 1.9 ஆம்பியருக்கும் குறைவாகவே தரும். சித்திரை வெயிலில், நீர் மிகவும் வேண்டியிருக்கும் நாளில் அது கைவிட்டுவிடும்.

கருவியினுள் உள்ள மின்தேக்கிகளே வெப்பத்தால் முதலில் நலிவன. பத்து டிகிரி வெப்பம் குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியாளர் கையாளும் பொதுக் கணக்கு. எனவே பெட்டிக்கு நிழல் அமைப்பதுகூட மின்வழங்கியின் ஆயுளை நீட்டும்.

கருவியின் திறனையும் பார்க்க வேண்டும். 60 வாட் வழங்கும்போது, 85 சதவிகிதத் திறனுடைய கருவி சுமார் 10.5 வாட்டை வெப்பமாக வீணாக்கும். 94 சதவிகிதத் திறனுடையது 4 வாட் அளவே வீணாக்கும். இரவும் பகலும் ஓயாது இயங்கும் கருவியில் இவ்வேறுபாடு சிறிதன்று.

மின்னலும் நீண்ட கம்பியும்

கோடை இடிமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் மின்கம்பி வழியே திடீர் மின்னெழுச்சி வந்து தாக்கும். மின்வழங்கியில் சிறு காப்பு இருப்பினும் அதனை மட்டும் நம்புதல் தகாது. பெட்டியின் நுழைவாயிலில் மின்னெழுச்சிக் காப்பான் ஒன்றும், நன்கு ஈரமுள்ள எர்த்தும் இருத்தல் வேண்டும். எர்த் சரியில்லையெனில் காப்பான் இருந்தும் பயனில்லை. உயர்ந்த தொட்டியிலிருந்து வரும் உணர்கருவிக் கம்பியும் மின்னலுக்கு வழியாகும். அதற்கும் தனிக் காப்பு வேண்டும்.

தொட்டி தொலைவில் இருந்தால் கம்பியில் மின்னழுத்தம் குறையும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடையுடையது. 200 மீட்டர் தொலைவுக்குப் போக்கும் வரவுமாக 400 மீட்டர். தடை ஏறத்தாழ 4.8 ஓம். 10 வாட் வால்வு ஒன்று இயங்கினால் 2 வோல்ட் குறைந்து 22 வோல்ட் சேரும், வால்வு திறக்கும். அதே கம்பியில் இரண்டு வால்வுகளை இணைத்தால் 20 வோல்ட்டே சேரும்; வால்வு திறவாது போகலாம். அப்போது மின்வழங்கியைக் குறைகூறுவதில் பயனில்லை. கம்பியைப் பருமனாக்க வேண்டும், அல்லது தனித்தனிக் கம்பி இட வேண்டும்.

மின்சாரம் நின்றபின்

நல்ல மின்வழங்கி மின்சாரம் நின்றபின் வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே தாக்குப்பிடிக்கும். கண்ணிமைக்கும் தடங்கலுக்கு அது போதும். நீண்ட தடைக்குப் போதாது. தொட்டியின் மட்டமும் மின்தடைச் செய்தியும் தொடர்ந்து கிடைக்க வேண்டுமாயின், 24 வோல்ட் பாட்டரிக் காப்புக் கருவி ஒன்றைச் சேர்க்கலாம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து, பி.எல்.சி., மோடம், உணர்கருவிகள் ஆகியவற்றின் 1 ஆம்பியர் சுமைக்கு மட்டும் கொடுத்தால் நடைமுறையில் நான்கைந்து மணி நேரம் தாங்கும். பாட்டரியை ஏற்றுவதற்கு ஆகும் மின்னோட்டத்தையும் சுமைக் கணக்கில் சேர்க்க மறத்தலாகாது.

பொருத்தலும் பேணலும்

பெரும்பாலான மின்வழங்கிகள் காற்றோட்டத்தால் குளிர்வன. ஆதலால் நேர்நிலையாக, மேலும் கீழும் உற்பத்தியாளர் குறித்த இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். 24 வோல்ட் பக்கத்தில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிச் சிறு பியூஸ் இட்டால், ஒரு வால்வில் நேரும் கோளாறு பெட்டி முழுவதையும் முடக்காது. தூசி, எறும்பு, பல்லி நுழையாதவாறு பெட்டியின் துளைகளை அடைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சுமை இயங்கும்போது 24 வோல்ட் சரியாக உள்ளதா என்று தகுதிபெற்ற மின்பணியாளர் அளந்து, மின்சாரத்தைத் துண்டித்தபின் திருகாணிகளை இறுக்கிப் பதிவேட்டில் குறித்தல் நலம். மின்வழங்கியைத் திறந்து பார்த்தல் கூடாது. துண்டித்த பின்னும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

விலைப்புள்ளி கோரும்போது

“24 வோல்ட் மின்வழங்கி ஒன்று” என்று மட்டும் எழுதினால், மிக மலிவானதே வந்து சேரும். கீழ்க்கண்டவற்றைக் குறிப்பிட்டுக் கேட்பது நன்று:

1. உள்வரும் மின்னழுத்த எல்லை. ஒரு பேஸா, இரு பேஸ்களுக்கிடையிலா, மூன்று பேஸா என்பது.

2. சுமைக் கணக்கும், அதற்குமேல் 30 சதவிகித இருப்பும்.

3. 60 டிகிரி வெப்பத்தில் கருவி எத்தனை ஆம்பியர் தரும் என்பதற்கு உற்பத்தியாளரின் அட்டவணை.

4. திறன் எத்தனை சதவிகிதம் என்பது.

5. மிகைச் சுமை, குறுக்குச்சுற்று, மிகை மின்னழுத்தம் ஆகியவற்றுக்குக் காப்பு. கோளாறு நீங்கியபின் தானே மீளும் தன்மை.

6. 24 வோல்ட் அற்றால் அறிவிக்கும் ரிலே முனை.

7. உத்தரவாதக் காலமும், அருகிலுள்ள நகரில் மாற்றுக் கருவி கிடைக்கும் வசதியும்.

இவையனைத்தும் ஒத்திருக்கும் கருவிகளுள் விலை குறைந்ததைத் தேர்ந்தெடுத்தல் சிக்கனம். இவற்றைக் கேளாமலே விலை குறைந்ததை வாங்குதல் சிக்கனமாகாது. அதனால் மிஞ்சும் சிறு தொகை, ஊரார் குடத்துடன் அலையும் ஒரு நாளுக்கும், பழுதுபார்ப்போரை அழைத்துவரும் செலவுக்கும் ஈடாகாது.

ஒரே வகைக் கருவியைப் பஞ்சாயத்தின் எல்லாப் பம்பு அறைகளிலும் அமைத்து, மாற்றுக் கருவி ஒன்றை அலுவலகத்தில் இருப்பு வைத்தால், பழுது நேர்ந்த அன்றே நீர் ஏறும். மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்டு வாங்கும் நாம், அதனை ஆளும் சிறு கருவியின் தகுதியையும் கேட்டு வாங்குவோமாக.