புரப்பார் கடமை

தென்காசி விசுவநாதர் திருக்கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தே அக்கோயிலுக்குக் குறை ஏதேனும் நேருமாயின், அதனைக் களைந்து காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாக அம்மன்னன் கல்லில் பொறித்து வைத்தான். ஆக்குவோன் ஒருவன், காப்போர் பலர் என்பதை அவன் நன்குணர்ந்திருந்தான். நெடுங்காலம் சிதைந்து நின்ற இராசகோபுரம் 1990ஆம் ஆண்டில் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது.

ஒருவர் ஆக்கியதைப் பிறர் ஏற்றுக் காக்கும் நிலை கணினி மென்பொருளிலும் உண்டு. இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள் உலாவி எனப்படும். உலாவியோடு சேர்ந்து, விளம்பரங்களைத் தடுத்தல் முதலிய பணிகளைச் செய்யும் சிறு மென்பொருள் நீட்சி எனப்படும். சில நீட்சிகளின் மூலநிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று ஆக்கியோரே உரிமை அளித்திருப்பர். அவ்வாறு எடுத்துத் தனியே வளர்த்தலைக் கவைத்தல் என்பர். குற்றாலத்து ஐந்தருவியில் ஒரே நீர் ஐந்தாகப் பிரிந்து வீழ்தல் போன்றது அது.

ரேமண்ட் ஹில் என்பார் 2014இல் யூபிளாக் என்னும் நீட்சியை வெளியிட்டார். 2015இல் அதனைப் பிறரிடம் ஒப்படைத்தபின், யூபிளாக் ஆரிஜின் என்னும் கவையைத் தாமே வளர்த்தார். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் உடைய ஸோஹோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலா என்னும் உலாவியும், குரோமியம் என்னும் திறந்த மூலநிரலின்மேல் எழுந்ததேயாகும்.

கவையைக் காப்பவர் அறியவேண்டுவது யாது? பயன்படுத்துவோர் மூலநிரலைக் காண்பதில்லை. அவர்கள் அறிந்தவை பொத்தானும் பட்டியலும் குறுக்குவிசையுமே. குற்றாலம் பேரருவியில் ஆடவரும் மகளிரும் நீராடத் தனித்தனி இடங்கள் உண்டு. அறிவிப்பின்றி ஒரு நாள் அவ்விடங்களை மாற்றிவிட்டால், நீர் குறையாதிருந்தும் மக்கள் திகைப்பர். பொத்தான் இடம் மாறினாலும் அத்தகைய திகைப்பே உண்டாகும். பார்வையற்றோர் திரைபடிப்பான் உரைக்கும் பொத்தான்களின் பெயரையும் வரிசையையும் நினைவிற்கொண்டே இயங்குவர். வரிசையைக் குலைத்தல் அவர்தம் வழியை மறித்தலாகும்.

ஆயினும் மாற்றமே கூடாதென்பது பொருந்தாது. ஃபயர்பாக்ஸ் உலாவி 2017இல் தன் 57ஆம் பதிப்பில் பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டது. அக்காலத்து நீட்சிகளைக் காத்தோர் உள்ளமைப்பைப் புதிதாக எழுத நேர்ந்தது. உள்ளே மாற்றம் இன்றியமையாததாயினும், பழகிய வாயிலை இயன்றவரை பேணல் வேண்டும். தவிர்க்கவியலாத மாற்றத்தை முன்னரே அறிவித்துப் பழைய வழியையும் சிலகாலம் விட்டுவைத்தல் நன்று. புதிய நீட்சியாக நிறுவப்படும் கவைக்குப் பழைய அமைப்புகள் தாமே வந்து சேர்வதில்லை. ஆதலின், அவற்றைக் கோப்பாக எடுத்துக் கொணரும் வழியும் அமைத்தல் வேண்டும்.

இவற்றோடு நேர்மையும் வேண்டும். முகம் பழகியதாக இருக்கலாம். பெயரும் அடையாளமும் வேறாதல் வேண்டும். இன்றேல், தாம் யாரை நம்பி நிறுவுகிறோம் என்பதைப் பயன்படுத்துவோர் அறியமாட்டார்.

பாண்டியன் பணிந்தது குறையைக் களைவோரை. தம் பெயர் விளங்கவேண்டிக் கோயிலையே மாற்றுவோரை அன்று. பிறர் பணியை ஏற்றுக் காக்கும் எவரும் இதனை மறத்தலாகாது.