கடலூர் வெயிலும் எந்திர எண்ணெயின் பாகுநிலையும்

கத்திரி வெயிலில் கடலூரில் சூடு 40 பாகை செல்சியசைத் தொடும். ‘இந்த ஊர்ச் சூட்டுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும்’ என்பது பட்டறைகளில் வேரூன்றிய நம்பிக்கை. பழைய வண்டிகளுக்கு அது பொருந்தியது. இன்றைய வண்டிகள் பலவற்றுக்கு அதுவே கேடு.

எந்திரத்தின் உட்சூட்டை ஆள்வது வெயிலைக் காட்டிலும் தெர்மோஸ்டாட்டே. குளிர்விக்கும் நீரை அது ஏறத்தாழ 90 பாகையில் நிறுத்துவதால், சித்திரையாயினும் மார்கழியாயினும் ஓடிச் சூடேறிய எந்திரத்தில் எண்ணெயின் நிலை பெரிதாக மாறுவதில்லை.

எண்ணெய் டின்னில் காணும் 5டபிள்யூ-30 என்னும் குறியீட்டில் பின்னெண் 100 பாகையில் உள்ள பாகுநிலையைச் சுட்டும்: 30 எனில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 40 எனில் 12.5 முதல் 16.3. முன்னெண் கடுங்குளிருக்குரியது. 5டபிள்யூ எண்ணெயைச் சுழி நிலைக்குக் கீழே 30 பாகையிலும், 20டபிள்யூ எண்ணெயை 15 பாகையிலும் சோதிப்பார்கள். உறைபனியே காணாத கடலூருக்கு இந்த எண் எதற்கு? 100 பாகையில் 14 சென்டிஸ்டோக்ஸ் அளவுள்ள 15டபிள்யூ-40 எண்ணெய், 40 பாகையிலேயே நூற்றைத் தாண்டிவிடும். ஆருத்ரா தரிசனத்துக்காக விடியுமுன் சிதம்பரம் புறப்படும் காரில் அது இன்னும் தடித்திருக்கும். இரவெல்லாம் அடித்தொட்டிக்கு வடிந்த எண்ணெய் மேலேறித் தாங்கிகளை அடையும்வரை உலோகத்தைக் காப்பது ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் மட்டுமே. முன்னெண் சிறிதான எண்ணெய் விரைந்து ஏறும். நம் ஊரிலும் அதற்குப் பயன் உண்டு என்பதே என் துணிபு.

பின்னெண்ணைத் தீர்மானிப்பது எந்திரத்தின் இடைவெளி. வணரித்தண்டுக்கும் தாங்கிக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே இடமுண்டு. அதில் எண்ணெய் ஆப்பாக நுழைந்து தண்டை மிதக்கவைக்கிறது. 2014 வரை உருவான அம்பாசடர் போன்ற பழைய வடிவமைப்புக்கு 20டபிள்யூ-40 ஏற்றது. மாருதி சுசுகியின் அண்மைக்காலப் பெட்ரோல் எந்திரங்கள் சிலவற்றுக்கோ 0டபிள்யூ-16 போதும். அவற்றில் தடித்த எண்ணெயை ஊற்றினால் எக்கி திணறும், எரிபொருள் வீணாகும்.

மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையே மட்டும் ஓடும் கார் முழுச்சூட்டை எட்டாது. எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து அதன் தன்மையைக் கெடுக்கும். அத்தகைய வண்டிக்கு எண்ணெயை முன்கூட்டியே மாற்றவேண்டும்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகைமாசு விதிப்படி அமைந்த டீசல் கார்களுக்குப் பாகுநிலை எண் பொருந்தினால் மட்டும் போதாது. அவற்றிலுள்ள புகைக்கரி வடிகட்டியை எண்ணெய் எரிந்த சாம்பல் அடைக்கும் என்பதால், டின்னை வாங்குமுன் கையேட்டில் குறித்த குறைசாம்பல் தரமும் அதன்மேல் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும்.