மார்பிலிருந்து இறங்கிய பட்டை

1950 ஜனவரி 26. டெல்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகை எனப்படும் கட்டடத்தின் தர்பார் மண்டபம். கவர்னர் ஜெனரல் ராஜாஜி குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். தலைமை நீதிபதி ஹரிலால் கனியா முன்னிலையில் ராஜேந்திர பிரசாத் பதவியேற்றார். நாட்டின் உச்ச அதிகாரம் கைமாறிய அந்த நேரத்தில், ராஜாஜி, பிரசாத் இருவர் மார்பிலும் குறுக்குப் பட்டை இல்லை. மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1947 மார்ச் 24 அன்று, அதே மாளிகையில் மவுண்ட்பேட்டன் கடற்படைச் சீருடையில், பட்டையும் நட்சத்திரங்களும் மின்ன வைஸ்ராயாகப் பொறுப்பேற்றிருந்தார்.

தோளிலிருந்து இடுப்புக்குச் சரிந்து இறங்கும் இந்தப் பட்டுத்துணிக்கு அத்தனை மதிப்பு எப்படி வந்தது?

அதன் மூதாதை வாள் தொங்கிய தோல்வார். வாளின் பாரம் முழுவதையும் இடுப்பில் கட்டினால் அது கீழே இழுக்கும். தோளில் மாட்டினால் உடம்பு தாங்கும். வலக்கையால் உருவுவதற்கு வாள் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே வார் வலத்தோளில் ஏறி இடது இடுப்பில் முடிந்தது. பின்னாளில் வாள் போயிற்று, தோல் பட்டாயிற்று, பாதை மட்டும் மாறவில்லை. இன்றும் பெரும்பாலான நாடுகளின் உயர் விருதுப் பட்டைகள் அதே வழியில்தான் இறங்குகின்றன; வாள் இருந்த இடத்தில் பதக்கம் தொங்குகிறது. இங்கிலாந்தின் கார்ட்டர் விருது போன்ற சில மட்டும் இடத்தோளிலிருந்து வலப்பக்கம் வருகின்றன.

இத்தகைய பட்டைகள் பலவற்றில் நீரலை ஓடுவது போன்ற ஒரு மினுமினுப்பு தெரியும். சாயம் அதற்குக் காரணமல்ல. நெருக்கமான வரிமேடுகள் கொண்ட பட்டுத்துணியை இரண்டாக மடித்து, ஈரமும் சூடும் ஏற்றி, கனமான உருளைகளுக்கிடையே அழுத்துகிறார்கள். இரு மடிப்புகளின் மேடுகளும் மிகச்சரியாகப் பொருந்துவதில்லை. மேட்டின்மேல் மேடு விழுந்த இடம் நசுங்கித் தட்டையாகிறது. மேடு பள்ளத்தில் அமர்ந்த இடம் அப்படியே நிற்கிறது. தட்டையான பகுதி ஒளியை ஒரு திசையில் திருப்ப, மேடான பகுதி வேறு திசைகளில் சிதறடிக்கிறது. ஒரே நிறத்துணி அதனால் இரண்டு நிறமாகத் தெரிகிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். அதே அலைகள் தோன்றும். அணிந்தவர் மூச்சு விட்டாலும் ஒளி நகர்கிறது. தூரத்துக் கூட்டத்திலும் கண் அவரிடமே போகிறது.

இந்தக் கவர்ச்சியை பிரிட்டிஷ் அரசு ஆட்சிக் கருவியாகவே பயன்படுத்தியது. 1857 எழுச்சிக்கு நான்கே ஆண்டுகளில், 1861இல், 'இந்திய நட்சத்திரம்' என்ற விருதை உருவாக்கியது. வெளிர்நீலம், ஓரங்களில் வெள்ளைக் கோடு. 1878இல் 'இந்தியப் பேரரசு' விருது வந்தது, அதற்கு ஊதா. எந்த மகாராஜா பேரரசுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை நிறமே சொல்லிவிடும். 1911 டெல்லி தர்பாரில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் நகைகளைத் தவிர்த்து எளிய உடையில் வந்ததும், ஐந்தாம் ஜார்ஜுக்கு முதுகு காட்டித் திரும்பியதும் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கின. அலங்காரம் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

சுதந்திர இந்தியா இந்த வரிசையைக் குலைத்தது. அரசமைப்பின் 18ஆவது பிரிவு ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. 1954இல் பாரத ரத்னா தொடங்கப்பட்டது; அதன் அரச இலைப் பதக்கம் வெள்ளை நாடாவில் கழுத்தில்தான் தொங்குகிறது. முதலில் பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். விருதைப் பெயரோடு பட்டமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

குடியரசுகள் எல்லாம் இப்படிச் செய்யவில்லை. அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் நாட்டுக்கொடியின் நிறப் பட்டையை அணிந்தே அதிபர் பதவிக்கு வருகிறார். பிரான்சில் சிற்றூர் மேயரும் மூவண்ணப் பட்டையோடு திருமணம் நடத்திவைக்கிறார். அங்கே அது மக்கள் கொடுத்த பொறுப்பின் அடையாளம். அதற்கும் ஒரு கண்ணியம் உண்டு.

நம்மிடம் பட்டை முற்றிலும் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் குதிரைவீரர்கள் இடுப்பில் கச்சை கட்டுகிறார்கள். 1773இல் தொடங்கிய படை அது. தமிழ்நாட்டில் கலெக்டருக்கு முன்னால் நடக்கும் தபேதார் வெள்ளை உடையின் குறுக்கே டவாலி என்னும் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் அணிகிறார். பின்னால் வரும் கலெக்டர் சாதாரணச் சட்டையில் இருக்கிறார். அவருடைய அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. பதவியிலிருந்து விலகும் நாளில் அது அவரை விட்டுப் போய்விடும். நாட்டின் தலைவருக்கும் அதுவே விதி என்று 1950இல் இந்தியா முடிவு செய்தது. பதவியை உடம்பில் ஒட்டாமல் வைத்திருக்கும் அந்த முடிவை நான் நம் குடியரசின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே மதிக்கிறேன்.