பெண் போவாள், நோட்டு போகாது

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் லாரி டிரைவர்களுக்குத் தெரியும், விபத்துச் செய்தி படிக்கிறவர்களுக்கும் தெரியும். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் நர்சம்மாவைத் தெரியாத வீடு இருக்காது. கிராம சுகாதார செவிலியர் என்பது அரசாங்கம் வைத்த பெயர்.

கணினிப் பதிவு வருமுன் அவர் பையில் பாதி எடை நோட்டுகள்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நீள நோட்டில் ஒரு பெண்ணுக்கு ஒரு வரி: கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போவாள். நோட்டு போகாது. ரேஷன் கார்டோடு மஞ்சள் பையில் வைத்த கர்ப்பிணி அட்டையை எடுக்க மறந்தால், போன ஊரில் அவள் புது ஆள். முதல் பிரசவம் ஆபரேஷனா, ரத்தம் எவ்வளவு இருந்தது, எல்லாம் அவள் வாயால் சொன்னால்தான் உண்டு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பெண்ணின் வரி பாதியிலேயே நின்றுவிடும்.

பாதியில் நின்ற வரியை இந்த மாவட்டம் சும்மா கடந்துபோக முடியாது. பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்டுப்போன மண் இது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு கர்ப்பம் பதிவானால், அது என்ன ஆனது என்று கடைசிவரை யாராவது கேட்க வேண்டும்.

இன்று கேட்கிறார்கள். 'பிக்மி' என்ற தமிழக அரசின் இணையப் பதிவில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் அது வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். தாய்வீடு எந்த ஊரானாலும் எண் கூடவே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்காரர்களின் விவரத்தையும் இப்படியே கணினியில் ஏற்றியது.

ஆனால் நர்சம்மாவின் பை இலேசாகிவிடவில்லை. நோட்டிலும் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும். இந்த இரட்டை வேலை கிராம சுகாதார செவிலியர்களின் நெடுநாள் குறை. பகலெல்லாம் நடந்துவிட்டு, இரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்தபின் பதிவேற்ற உட்கார்ந்தால், மலையடிவாரத்தில் சிக்னல் வரும், போகும். அவசரத்தில் 9.2 என்ற ஹீமோகுளோபின் 12.9 ஆகிவிட்டால் ரத்தசோகை உள்ள பெண் திரையில் நல்ல ஆரோக்கியமாகத் தெரிவாள். நோட்டை நிறுத்துங்கள், அல்லது பதிவேற்றத் தனி ஆள் போடுங்கள். நர்சம்மாவின் நேரம் கர்ப்பிணியின் கை பிடித்துப் பார்க்கத்தான்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், தாய்வீட்டுக்கு வண்டி ஏற்றும் முன் அந்த 12 இலக்க எண்ணை அவள் செல்போனிலும் உங்கள் செல்போனிலும் பதிந்து வையுங்கள். அட்டையையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.